ஜன்னலைச் சுற்றிக் கறுப்பு

விமானத்துக்கு வர்ணம் மாற்றுகிறேன் பேர்வழி என்று அந்தக் கம்பெனி அடித்த கூத்தை ப்ளோவ்திவ் ஊரில் யாராலும் சகிக்க முடியவில்லை.

நன்றாக இருந்த பச்சையையும் சிவப்பையும் சுரண்டி எறிந்துவிட்டு, உடம்பு முழுக்க வெள்ளை. ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் கறுப்புக் கட்டம். வரைந்த மகராசன் எந்த நாட்டுக்காரனோ! இந்த ஊரில் யாராவது செத்தால், படம் போட்டுக் கறுப்புக் கட்டம் கட்டிய நோட்டீஸைக் கம்பம், மரம், பஸ் ஸ்டாப் என்று ஒட்டுவார்கள். அது அவனுக்கு எங்கே தெரியப் போகிறது?

ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் எல்லாருமே போய்ச் சேர்ந்தவர்கள் மாதிரி தெரிந்தார்கள்.

விமானங்களைப் படம் பிடிக்கவென்றே விமான நிலைய வேலியோரம் கேமராவோடு நிற்கும் கூட்டத்தில் கலோயனுக்குத்தான் வாய் அதிகம். "பறக்கிற பிணவண்டி" என்று இணையத்தில் எழுதினான். ஊரே கைதட்டியது. விடுவானா? அடுத்த தடவை ஒரு ஜன்னலை மட்டும் நெருக்கிப் படம் பிடித்தான். உள்ளே ஒரு கிழவர் சிரித்தபடி கையாட்டிக்கொண்டிருந்தார். அதன் கீழே, "ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கிறோம். வியன்னா போகக் கிளம்பியவர் மேலேயே போய்விட்டார்" என்று போட்டான்.

படம் பற்றிக்கொண்டது. கம்பெனியே வேறு வர்ணம் யோசிப்பதாகப் பேச்சு. கலோயனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு ஒரு நாள், பனிமூட்டமான காலையில் ரொட்டி வாங்கப் போனவன், கடை வாசல் கம்பத்தில் அந்தக் கிழவரைப் பார்த்தான்.

அவன் எடுத்த அதே படம். அதே சிரிப்பு, தூக்கிய அதே கை, ஜன்னலின் கறுப்பு விளிம்புகூட அப்படியே. கீழே பென்சோ என்று பெயர். அடக்கம் முந்தின நாளே முடிந்திருந்தது.

யாரோ பதிலுக்கு விளையாடுகிறார்கள் என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. பஸ் ஸ்டாப்பிலும் கிழவர். பூங்கா மரத்திலும் கிழவர். மூட்டத்துக்குள்ளிருந்து ஒவ்வொரு கம்பமாக வெளியே வர வர, ஒவ்வொன்றிலும் அவனைப் பார்த்தே கையாட்டினார். ரொட்டி வாங்காமலே வீட்டுக்கு ஓடினான்.

அதற்கப்புறம் சாப்பாடு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்தக் கை. தன் வாய்தான் அவரைக் கொன்றுவிட்டது என்று நிச்சயமாக நம்பினான். படத்தை அழித்தான், என்ன பிரயோஜனம், அது யார் யார் போனிலோ சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் விசாரித்துக்கொண்டு போய் அந்த வீட்டு மணியை அடித்தான். கதவில் ஒட்டிய நோட்டீஸிலும் அவர் கையாட்டினார்.

கறுப்பு உடுத்திய பெண்ணொருத்தி திறந்தாள். கிழவரின் மகள், நெவெனா.

"அக்கா, அந்தப் படம்... அதை எடுத்தது, எழுதினது எல்லாம் நான்தான்."

அவள் அவனை உள்ளே உட்காரவைத்தாள். வியன்னா ஆஸ்பத்திரியில் அப்பா படுத்திருந்தபோது யாரோ அதை அனுப்பினார்களாம். அவள் மறைக்கப் பார்க்க, போனைப் பிடுங்கிப் பார்த்தாராம். வார்டே திரும்பும்படி சிரித்துவிட்டு, "வர்ணம் நல்லாத்தானே இருக்கு, எனக்கு எடுப்பா இருக்கு" என்றாராம். நோட்டீஸுக்கு அதையே போடச் சொன்னதும் அவர்தானாம்.

"எனக்கு உன்மேல ஆத்திரம்தான் தம்பி. இப்பவும் அது போகல."

கலோயன் தலை நிமிரவில்லை.

சாவு வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சர்க்கரை போட்ட வேகவைத்த கோதுமையை, ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள்.

"ஆனா அப்பா சொல்லிட்டுப் போயிருக்காரு. 'அந்தப் பையன் பயந்துபோய் வருவான், திட்டிடாதே. தான் எழுதினதாலதான் நான் செத்தேன்னு பட்டினி கெடப்பான். கோதுமை குடு. நம்ம ஊர் டாக்டருங்க கைவிட்டப்புறம்தான் நான் அந்த விமானத்துலயே ஏறினேன்னு சொல்லி அனுப்பு'ன்னாரு."