கதையில் வந்த அம்மா

குளத்தங்கரையில் கிளி ஒரு பழைய காதல் கதையை வாசித்துக்கொண்டிருந்தது. வசதியான பையன் எவன் வந்தாலும் மகளை மயங்கி விழச் சொல்லும் ஒரு அம்மாதான் அதில் பெரிய வேடிக்கை. ஆட்டோடும் தன் மூன்று பெண்களோடும் கேட்டுக்கொண்டிருந்த வாத்தம்மா, அவள் செய்வதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

கதை முடிந்ததும், "எப்படியிருந்தது?" என்று கிளி கேட்டது.

"ஒரு சண்டைகூட இல்லை. விருந்துக்குப் போகிறார்கள், வருகிறார்கள்," என்று ஆடு சலித்துக்கொண்டது.

"எனக்குப் பிடித்திருந்தது. கதாநாயகி அப்படியே நான்தான்," என்றாள் வாத்தம்மா. "ஆனால் அந்த அம்மா! இப்படியும் ஒரு மானங்கெட்டவள் இருப்பாளா?"

ஆடு வேறு பக்கம் பார்த்தது. மூத்த மகள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "அம்மா, நேற்று அந்தப் புது வாத்துப் பையன் வந்தப்போ என்னை நொண்டி நடக்கச் சொன்னியே."

வாத்தம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இது எல்லோருக்கும் தெரியுமா?"

"முதல் அத்தியாயத்திலிருந்தே உங்களைத்தான் நினைத்துக்கொண்டோம்," என்றது ஆடு.

வாத்தம்மா கிளியிடம், "அந்த மயக்கம் போடுகிற இடத்தை இன்னொரு தடவை வாசி," என்றாள்.

கிளி வாசித்தது. இந்தத் தடவை ஆடு சிரித்தது.

"சிரிக்காதே," என்றாள் வாத்தம்மா. "மகள் கீழே விழுந்துவிடாமல் பிடிக்க அவள் பக்கத்திலேயே நிற்கிறாள், பார்."