நாலாவது மாத்திரை

"ஏட்டி இசக்கி, இது சக்கரை மாத்திரைல்லா?"

தீப்பெட்டி கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பேராச்சி, டிவி மேல் கிடந்த அட்டையைக் கையில் எடுத்துவிட்டாள்.

இசக்கிசெல்வி அட்டையை வாங்கி டிவி மேலேயே போட்டாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எங்க மாமியாளுக்கும் இதே அட்டைதான். இந்த வயசுலயாட்டி உனக்கு?"

தீப்பெட்டியை மறந்து பேராச்சி கிளம்பிவிட்டாள். போச்சு. தாராவியில் அந்தக் கல்லியில், அந்தக் குறுகல் சந்தில், அவள் காதுக்குப் போன சேதி எதுவும் தங்கினதில்லை. வாசலில் உட்கார்ந்து, தைத்து வந்த ஜீன்ஸுக்கு நூல் வெட்டுவாள். கத்தரியும் வாயும் ஒரே வேகம்.

இசக்கிக்குச் சக்கரை இல்லை. கழுத்தில் நெறிகட்டி, டிபி.

"இது கழுத்து டிபி, யாருக்கும் ஒட்டாது. ஆறு மாசம் மருந்து சாப்பிடணும், முட்டை பருப்பெல்லாம் நல்லாச் சாப்பிடணும்" என்றிருந்தார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. "மூணு மாத்திரை கிருமியைக் கொல்ல. நாலாவது, சக்கரை மாத்திரை."

"எனக்குச் சக்கரை இல்லையே டாக்டர்?"

"இல்லம்மா. இந்த மாத்திரை கிருமிகிட்டப் போகாது. உங்க உடம்பைத் தட்டி எழுப்பி, நீயும் சண்டை போடுன்னு சொல்லுதான்னு பார்க்கிறோம். ஆராய்ச்சிதான். இஷ்டம்னா கையெழுத்துப் போடுங்க."

போட்டாள். மூணு மாத்திரையை அரிசி டப்பாவுக்குள் ஒளித்தாள். நாலாவதை ஒளிக்கத் தோன்றவில்லை. மருந்து ஆரம்பித்த மறுநாளே மூத்திரம் செவப்பாகப் போனது. மருந்தால்தான் அப்படி, பயப்படாதே என்று டாக்டரம்மா சொல்லித்தான் இருந்தார். ஆனாலும் ரூம் மூலையில் குளிக்கவும் ஒண்ணுக்குப் போகவும் இருக்கிற மோரியில் தினம் நாலு செம்பு தண்ணி ஊற்றிக் கழுவினாள்.

ஒட்டாது என்றால் கல்லியில் யார் கேட்பார்கள்? போன வருஷம் கோடி வீட்டு டெய்லருக்கு டிபி என்று தெரிந்ததும், ரூம் சொந்தக்காரர் பூலோகம் ஒரே வாரத்தில் காலி பண்ண வைத்தார். டெய்லருக்கும் கைப்பிள்ளை இருந்தது.

மறுநாள் தண்ணிக் குழாயில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இசக்கிக்குச் சக்கரை.

எதிர்வீட்டு வந்தனா பாகற்காய்ச் சாறு கொண்டுவந்து, கடைசிச் சொட்டு உள்ளே போகும்வரை இடுப்பில் கைவைத்து நின்றாள். கரீம் பாட்சா கடையில் கேட்காமலே சீனி இல்லாத டீ வந்தது. கணபதி பூஜைக்குக் கொடுத்த மோதகத்தில் இசக்கி கை வைக்கப் போனபோது, பேராச்சி பட்டென்று தட்டிவிட்டாள்.

"உனக்குக் கெடையாதுட்டி."

தினம் ஒரு அவித்த முட்டை மட்டும் கொடுப்பாள். அதையும் கல்லிக்கே கேட்கிற மாதிரி கத்தித்தான்.

"ஏ சக்கரைக்காரி, இந்தா. சக்கரைக்கு முட்டை நல்லது."

"அவ நாக்குல கொப்புளம் வர" என்று இசக்கி வீட்டுக்குள் முணுமுணுத்தாள். அவள் புருஷன் மகேஷ்குமார், "முட்டை நல்லாத்தானே அவிச்சிருக்கா" என்று பாதியைப் பிய்த்துத் தின்றான்.

ஒருநாள் பூலோகமே வாசலில் வந்து நின்றார்.

"மாசாமாசம் உன்னை ஆஸ்பத்திரியில பாக்காவளாமே. என்ன சீக்கு?"

இசக்கி முந்தானையைக் கழுத்தோடு இழுத்துப் போர்த்தினாள். பக்கத்து வாசலில் பேராச்சியின் கத்தரிச் சத்தம் நின்றது.

"சக்கரை அண்ணாச்சி. உங்களுக்குள்ள அதே சீக்குதான்."

குழாயடியில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். இசக்கிக்கு மானமே போனது. ஆனால் பூலோகத்தின் முகம் மாறியது.

"அப்படியாம்மா? நீ சாப்பாட்டுக்கு முன்னாடி தின்னுதியா, பொறவா? எனக்குக் காலெல்லாம் எரியுதும்மா."

அரைமணி நேரம் தன் சக்கரையைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் போனார்.

ஆறாவது மாசம் டாக்டரம்மா கழுத்தைத் தடவிப் பார்த்தார். கட்டி இல்லை. நாற்பத்தொரு கிலோ நாற்பத்தேழு ஆகியிருந்தது. இனி மருந்து வேண்டாம் என்றார்.

"நாலாவது மாத்திரைதான் கொணப்படுத்திச்சா டாக்டர்?"

"ஆராய்ச்சியில இருக்கிற எல்லாருக்கும் முடிஞ்சப்புறம்தான் அதைச் சொல்ல முடியும். ஆனா முட்டை நல்லா வேலை செஞ்சிருக்கு" என்று சிரித்தார்.

வரும் வழியில் இசக்கி கால் கிலோ ஜிலேபி வாங்கினாள். நேரே பேராச்சி வாசலில் போய் நின்று, அவள் பார்க்கவே ஒன்றை எடுத்துக் கடித்தாள். பாகு விரலில் ஒழுகியது.

பேராச்சி கத்தரியைக் கீழே வைத்தாள். திட்டவில்லை. எழுந்து உள்ளே போய், ஒரு டப்பா நிறைய ரவாலட்டு கொண்டுவந்தாள்.

"முடிஞ்சுட்டாட்டி ஆறு மாசம்?"

இசக்கி மிச்ச ஜிலேபியைப் பொட்டலத்தில் போட்டாள்.

"யக்கா, உங்களுக்கு எப்படி..."

பேராச்சி குரலைத் தாழ்த்தினாள். அவளுக்கு அப்படியும் பேச வரும் என்று இசக்கிக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"உன் மோரித் தண்ணி என் வாசல் வழியாத்தான போவுது. சக்கரைக்காரிக்கு எங்கயாச்சும் செவப்பாப் போவுமா? ஊருக்குச் சொல்ல வேற ஏதாச்சும் ஒரு சீக்குப் பேரு கெடைக்குமான்னுதான் அன்னைக்குத் தீப்பெட்டி கேட்டு வந்தேன். எனக்கும் ஒருக்க இப்படித்தான் செவப்பாப் போச்சு. அப்போ எனக்குச் சக்கரைன்னு சொல்ல ஒருத்தி இல்லாம, மூணு ரூம் மாறுனேன்."

இசக்கி பேசுவதற்குள் ஒரு முழு லட்டை அவள் வாயில் திணித்துவிட்டு, பேராச்சி கல்லியைப் பார்த்து எப்போதும்போலக் கத்தினாள்.

"ஏ எல்லாரும் கேளுங்க, நம்ம இசக்கிக்குச் சக்கரை எறங்கிட்டாம்."