ஆமான்னு ஒரு வார்த்தை

“ஆமான்னு ஒரு வார்த்தை சொல்ல வையுங்க, போதும். கேஸ் முடிஞ்சிரும்” என்று தனசேகரனின் காதைக் கடித்தார் சப்-இன்ஸ்பெக்டர்.

கள்ளக்குறிச்சி கோர்ட்டில் கூண்டில் நின்றிருந்தான் ஷியாம்லால், பீகார் லாரி டிரைவர். இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக மறியல் நடந்த நேரம். நைனார்பாளையம் பிரிவில் யாரோ புளியமரத்தைச் சாய்த்து ரோட்டை மறித்துவிட்டார்கள். அங்கே மாட்டிக்கொண்ட இவன் லாரியில், சமையலுக்கு விறகு பிளக்கும் கைக்கோடாலி ஒன்று கிடைத்தது. போலீசுக்கு அது போதாதா? மரத்தை வெட்டியவன் இவன்தான் என்று ஆளைத் தூக்கிவிட்டார்கள்.

அவனுக்குத் தமிழ் சுட்டுப்போட்டாலும் வராது. இந்தி தெரிந்த ஆளைத் தாலுகா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடி, பட்டாளத்திலிருந்து திரும்பிய தனசேகரனைப் பிடித்து வந்திருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி கொளஞ்சியம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. அடேயப்பா, மாஜிஸ்திரேட்டே அவள் புருஷன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்! ஆனாலும் கூண்டில் நின்றவனை மட்டும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“குத்தத்தை ஒத்துக்கறானான்னு கேளுங்க” என்றார் மாஜிஸ்திரேட்.

தனசேகரன் இந்தியில் கேட்டார். ஷியாம்லால் கைகூப்பி என்னவோ மளமளவென்று சொன்னான்.

“ஆமாங்குறாருங்க. ஆமான்னு சொன்னா ஊருக்கு அனுப்பிடறதா போலீஸ்ல சொன்னாங்களாம். இப்ப போலாமான்னு கேக்கறாரு.”

சப்-இன்ஸ்பெக்டர் முகத்தில் ஈயாடவில்லை.

“ஒத்துக்கணும்னு கட்டாயமில்ல. ஒத்துக்கிட்டா ஜெயிலுக்குப் போகணும். இதை அவனுக்குப் புரியவையுங்க. அப்புறம் பதில் சொல்லட்டும்” என்றார் மாஜிஸ்திரேட்.

தனசேகரன் ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். ஷியாம்லால் ‘ஓ’வென்று அழுதுவிட்டான்.

“வெட்டலைங்களாம். மரம் விழுந்தப்புறந்தான் வண்டியே வந்துச்சாம். வூட்ல புள்ளைங்க காத்துக்கினு இருக்குதாம்.”

“ஐயா, இவரா சேர்த்துச் சொல்றாரு!” என்று எகிறினார் சப்-இன்ஸ்பெக்டர்.

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார். “நீங்க சொல்றது உள்ளது உள்ளபடிதான்னு நான் எப்படி நம்பறது?”

தனசேகரன் பட்டாளத்தில் நிற்பதுபோல விறைத்து நின்றார். “மரத்தை அறுத்தது நான்தாங்க. எங்க புள்ளைங்க படிப்புக்கும் வேலைக்கும் நாங்க போராடறோம். அதுக்கு இந்த ஆளு இன்னாத்துக்கு ஜெயிலுக்குப் போவணும்?”

மாஜிஸ்திரேட் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

“யோசிச்சுச் சொல்லுங்க. ஒத்துக்கணும்னு உங்களுக்கும் கட்டாயமில்ல.”

“நல்லாவே புரிஞ்சுதுங்க. ஒத்துக்கறேன்.”

“அவ்வளவு பெரிய மரத்தை அறுக்கற ரம்பத்தை ரெண்டு பக்கமும் ஆள் பிடிச்சு இழுக்கணுமே. அந்தப் பக்கம் யாரு?”

தனசேகரன் பெஞ்சுப் பக்கம் திரும்பாமல் கூரையைப் பார்த்தார்.

கொளஞ்சியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். “அவரு காட்டிக் குடுக்க மாட்டாருங்க. அந்தப் பக்கம் புடிச்சவ நான்தான், கொளஞ்சியம்மாள்னு எழுதிக்குங்க.”