யார் மிரண்டது?

"குழந்தையை இனிமே அனுப்ப வேண்டாம்னு போன்ல சொன்னீங்களாமே, ஏன்?" அறைக்குள் நுழைந்ததுமே அவள் கேட்டுவிட்டாள்.

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "உட்காருங்கம்மா. வயித்துல இருக்கிற ட்யூப்ல பால் ஊத்துறதைப் பார்த்து மத்த பிள்ளைங்க மிரளுதுங்க."

"அவளால வாயால முழுங்க முடியாது. அதுக்காக வீட்டுலயே அடைச்சு வைக்கணுமா?"

"எனக்கும் மனசு கேக்கலைதான். ஆனா மத்த பெத்தவங்க எல்லாரும் வந்து சண்டை போடுறாங்களே!"

"எல்லாருமா?"

"ஒருத்தர் பாக்கியில்லாம. உங்க வேதனை புரியுது. கொஞ்சம் அவங்க இடத்துல இருந்தும் யோசிங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்த இடத்துல இருந்துதான் பேசுறேன். நான் அவ அம்மா இல்லை. அவ பக்கத்துல உட்கார்ற பொண்ணோட அம்மா. என் பொண்ணு மிரளலை. கூட்டாளி வராம நானும் போக மாட்டேன்னு நேத்துலேருந்து அழுறா."

தலைமை ஆசிரியை தடுமாறினார். "இல்ல... ஒரு சிலர்..."

அவள் கதவை விரியத் திறந்தாள். வெளியே அந்த வகுப்பின் மற்ற பெற்றோர் எல்லாரும் நெருக்கியடித்து நின்றிருந்தார்கள்.

"சண்டை போட்டவங்க யாருன்னு கை காட்டுங்க."

தலைமை ஆசிரியையின் கை எழவில்லை.

"அப்ப அவ அம்மாவுக்கு இப்பவே போன் போட்டு மன்னிப்புக் கேளுங்க. கேக்குற வரைக்கும் நாங்க யாரும் நகர மாட்டோம்."