கைக்கு வாகானது

மவுஸ் சரிப்படவில்லை. இழுத்த இடத்தில் பெட்டி நிற்காமல் துள்ளியது.

தொடுதிரையும் அப்படித்தான். அன்பரசனின் விரல் வியர்வையில் வழுக்கியது. கம்ப்யூட்டர் வரைந்த பயிற்சிப் படத்தில் முப்பது டன் கன்டெய்னர் எங்கோ போய் இடித்து நின்றது.

"இன்னா மாமு, கொயந்த செல்ல நோண்டுறாப்ல கீது" என்றான் பின்னால் நின்றிருந்த தவ்ஃபீக். அவனும் கிரேன் ஓட்டுநர்தான்.

அன்பரசனுக்குச் சிரிப்பு வரவில்லை.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய கன்டெய்னர் யார்டில் பதினாறு வருடமாகக் கிரேன் ஓட்டுகிறான். அடுத்த மாதம் முதல் கிரேன்மேல் ஆள் ஏறப் போவதில்லை. இந்த ஏசி அறையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்தே பெட்டி தூக்க வேண்டும். ஓட்டுநர்கள் பதினெட்டுப் பேர். நாற்காலிகள் நான்கு. மீதிப் பேர் என்ன ஆவார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

பெட்டி எண்ணைப் பதிய கீபோர்டு, அடுக்கு வரைபடத்துக்குத் தொடுதிரை என்று இன்ஜினியர் எழில்மொழி முன்பே முடிவு செய்துவிட்டாள். பெட்டியைத் தூக்க எது என்பதுதான் மிச்சம். எது யாருக்குக் கைவருகிறது என்று பார்த்து ஆளையும் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். அதற்காக மூன்று மேசைகளைத் தயார் செய்துகொண்டிருந்தவள், பாதியில் பக்கத்து அறைக்குப் போன் பேசப் போயிருந்தாள்.

மூன்றாவது மேசையில் ஒரு கைப்பிடி இருந்தது. அன்பரசன் பிடித்துப் பார்த்தான். கேபினில் பிடிக்கிற அதே பிடி.

அவள் வருவதற்குள் கை பழகட்டும் என்று தொடங்கினான்.

படம் மட்டும் சற்று மங்கல். பழைய படம் போலிருக்கிறது.

பெட்டி எழுந்தது. நகர்ந்தது. சொன்ன பேச்சைக் கேட்டது.

மஞ்சள் சட்டை பொம்மை வந்தது. பயிற்சியில் எப்போதும் அது குறுக்கே வரும். வந்தால் பெட்டியை நிறுத்த வேண்டும் என்பது பாடம். அதன் தலைக்கு மேலே பெட்டியைக் கொண்டுபோய் விரட்டுவது ஓட்டுநர்களின் விளையாட்டு.

"உடாத மாமு, தொறத்து!" தவ்ஃபீக் மேசையைத் தட்டினான்.

அன்பரசன் துரத்தினான். பொம்மை வலப்பக்கம் திரும்பியது. அதற்கு முன்பே பெட்டி அங்கே நின்றது. இடப்பக்கம் பாய்ந்தது. அங்கேயும் பெட்டி.

காலையிலிருந்து முதல்முறையாக அவன் சிரித்தான். ஒரு நாற்காலி தனக்குத்தான்.

பொம்மை இரண்டு அடுக்குகளுக்கு நடுவே புகுந்தது. அந்தப் பக்கம் வழியில்லை. அன்பரசன் பெட்டியை மெல்ல இறக்கினான்.

பொம்மை குந்தி உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டது.

தவ்ஃபீக்கின் சிரிப்பு நின்றது. பொம்மை குந்தி உட்கார்ந்து இருவரும் பார்த்ததே இல்லை.

கதவு திறந்தது. எழில்மொழி திரையைப் பார்த்தாள்.

"அண்ணே, அது பயிற்சி இல்ல. நெசமான நாலாம் நம்பர் கிரேன்."

கைப்பிடியைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். அவ்வளவுதான். பெட்டி மேலே போய்விடும்.

அன்பரசனின் கை நடுங்கியது.

திரையில் பெட்டியும் நடுங்கியது.