தட்டு மாற்றும் நேரத்தில் ஒரு தும்மல்

தாம்பாளம் கை மாறப்போகிற நேரம் பார்த்துப் பெண்ணின் அப்பா நல்லையா தும்மினார்.

ஒரே ஒரு தும்மல். வீடே அதிர்ந்தது.

மற்ற நாளில் புருஷன் தும்மினால் "நூறாயுசு" என்று வாழ்த்துகிற அவர் மனைவி அஞ்சலை, இன்று கண்ணாலேயே எரித்தாள்.

"வேற நேரமே கெடைக்கலியா உங்களுக்கு?"

"சாம்பிராணிய மூஞ்சிக்கு நேரா கொண்டாந்து வெச்சா வேற என்ன வரும்?" மூக்கைத் துடைத்துக்கொண்டே எரிந்து விழுந்தார் நல்லையா.

மாப்பிள்ளையின் தாய்மாமன் மாணிக்கவாசகம் நீட்டிய தட்டை இழுத்துக்கொண்டு எழுந்தேவிட்டார்.

"ஒத்தைத் தும்மல். இது சரிப்பட்டு வராதுங்க. தியாகு, போய் டாக்சியக் கூப்புடு."

மாப்பிள்ளை தியாகு அசையவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

"கோவிச்சுக்காதீங்க. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு மறுபடியும் ஆரம்பிக்கலாமே," என்று கெஞ்சினாள் அஞ்சலை.

"தண்ணி குடிக்கிறதெல்லாம் வெளிய கெளம்புறப்பதான். நிச்சயத்துக்கு அது செல்லாது."

சகுனத்தில் இத்தனை சட்டம் இருப்பது நல்லையாவுக்கு அன்றுதான் தெரிந்தது. பொறுமை போய்விட்டது.

"ஏங்க, வெள்ளக்காரனையே அனுப்பிட்டு மெர்டேக்கா கொண்டாடி ரெண்டு மாசம் ஆவுது. இன்னும் மூக்குக்குப் பயந்துகிட்டு இருந்தா எப்படி?"

"அன்னிக்கு யாரும் தும்மலையே!" என்றார் மாணிக்கவாசகம்.

இந்த மனிதரோடு என்ன பேசுவது!

கதவோரம் நின்ற கல்யாணப்பெண் சீதாவுக்கு அழுகை முட்டியது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போனவள். தியாகுவை அவளுக்குப் பிடித்திருந்தது. நிச்சயத்தில் எழுந்து போய்விட்டார்கள் என்ற பேச்சு இந்தக் காஜா பெராங் வட்டாரத்தைத் தாண்டினால் போதும், மலாக்காவில் இனி எவனும் பெண் கேட்டு இந்த வாசலை மிதிக்க மாட்டான்.

எல்லாரும் மாப்பிள்ளையின் அம்மா பாக்கியலட்சுமியைப் பார்த்தார்கள். பார்த்தார்களே தவிர, யாருக்கும் நம்பிக்கை இல்லை. செங் ஊரிலிருந்து வந்து இறங்கியதிலிருந்து அந்த அம்மாள் குறைதான் சொல்லிக்கொண்டிருந்தாள். சந்து குறுகலாம். கோப்பியில் சீனி அதிகமாம். பெண் ரொம்ப ஒல்லியாம். கிளம்புவதற்கு ஒரு சாக்கு கிடைத்தால் விடுவாளா?

பாக்கியலட்சுமி முந்தானையை மூக்கருகே கொண்டு போனாள்.

"ஹச்!"

கூடம் திகைத்துப்போனது.

"ரெட்டையாயிருச்சு," என்றாள் அவள் சாவதானமாக. "ரெட்டைத் தும்மல் நல்லதுதானே அண்ணே?"

"ரெண்டும் ஒரே மூக்குல வரணும்மா!"

"சகுனம் என்ன மூக்கையா எண்ணுது? பொண்ணு வீட்டுல ஒண்ணு, மாப்பிள்ளை வீட்டுல ஒண்ணு. ரெண்டு வீடும் சேந்து தும்மியாச்சு. இதுக்கு மேல என்ன பொருத்தம் பாக்கணும்? தட்டக் குடுங்கண்ணே."

மாணிக்கவாசகம் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். தட்டு மாறியது.

அப்போதும் அந்த அம்மாள் வாய் சும்மா இருக்கவில்லை. "வெத்தில வாடியிருக்கே," என்றாள்.

இப்படி ஒரு மாமியாரிடம் பெண்ணை அனுப்ப வேண்டியிருக்கிறதே என்று அஞ்சலைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் தும்மியவளை அப்படியே விட முடியுமா? சாப்பாடு முடிந்து அவள் பின்கட்டில் தனியாகக் கை கழுவிக்கொண்டிருந்தபோது இஞ்சி தட்டிப்போட்ட சுடுதண்ணீரை நீட்டினாள்.

"குடிங்க சம்பந்தியம்மா. சளி புடிச்சிருக்கு போல."

"சளியா? எனக்கு ஒண்ணும் இல்ல." பாக்கியலட்சுமி திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "என் மூத்த மக நிச்சயத்துல நான்தான் ஒத்தையாத் தும்மித் தொலைச்சேன். அன்னிக்கு அந்தப் பக்கம் ஒருத்தரும் தும்மல சம்பந்தி. அவ இன்னும் என் வீட்டுலதான் இருக்கா."