காணாமல் போன முதல் அத்தியாயம்

"மஹ்பூபா, முதல் அத்தியாயத்தை என்ன பண்ணினே? உள்ளதைச் சொல்லிடு, நான் கோவிச்சுக்க மாட்டேன்."

கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று சொன்ன சேக் அலாவுதீனின் மீசை துடித்துக்கொண்டிருந்தது. தேக்குப் பெட்டியைக் கவிழ்த்தாயிற்று, மெத்தையைப் புரட்டியாயிற்று, நெல் குதிருக்குள் தலையை விட்டும் பார்த்தாயிற்று. இரண்டாம் அத்தியாயத்திலிருந்து முற்றும் வரை நாவல் பத்திரமாக இருந்தது. தலையை மட்டும் காணோம்.

"நான் எதுக்கு அதைத் தொடறேன்?" என்று மீனை அலசிக்கொண்டே கேட்டாள் மஹ்பூபா.

மனைவி மேல் சந்தேகப்பட அவருக்குக் காரணம் இருந்தது. சைகோனில் ஜவுளிக்கடை வேலையில் இருந்தபோது, கடை ஓய்ந்த நேரமெல்லாம் உட்கார்ந்து எழுதிய கதை அது. முதல் அத்தியாயத்தில் கதாநாயகன் ஒரு சைகோன்காரியைப் பார்த்து, துணி அளப்பதையே மறந்து நிற்கிறான். ஊர் திரும்பியதும் அலாவுதீன் அதை ஆசை ஆசையாக மஹ்பூபாவுக்குப் படித்துக் காட்டினார். அன்றிலிருந்து அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிரெஞ்சுக்காரன் இன்றைக்குப் போவானா நாளைக்குப் போவானா என்று காரைக்காலே பேசிக்கொண்டிருந்த சமயம். அலாவுதீனுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. அச்சாபீஸ் திருஞானசம்பந்தம் காகிதம் வாங்க மதிய ரயிலில் கிளம்புகிறார். அதற்குள் கதையைக் கொண்டுபோய் வாசித்துக் காட்ட வேண்டும். பிடித்தால் நாவலுக்கும் சேர்த்துக் காகிதம் வரும். இல்லாவிட்டால் பஞ்சாங்கத்துக்கு மட்டும்தான்.

"தொடக்கத்துலயே ஆளை இழுத்து உட்கார வைக்கணும் பாய். இல்லேன்னா மிச்சத்தை நான் கேக்கவே மாட்டேன்" என்று அச்சாபீஸ்காரர் முன்கூட்டியே கண்டித்துச் சொல்லியிருந்தார்.

மறுபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தார் அலாவுதீன். ஒரு வரிகூட வரவில்லை. எழுந்து வாசலுக்குப் போனார், கிணற்றடிக்குப் போனார், திரும்ப அடுப்படிக்கே வந்து நின்றார். இத்தனை வருஷத்துக் கனவு கண்ணெதிரே கைநழுவிப் போவதை அவரால் தாங்க முடியவில்லை.

"அது வெறும் கற்பனை, புள்ளே."

"கற்பனைக்கு மச்சம் எந்தக் கன்னத்துலன்னுகூடவா தெரியும்?"

அலாவுதீன் மறுபடியும் நெல் குதிருக்குள் தலையை விட்டார்.

அந்த நேரம் பார்த்து, காலையிலேயே வெளியே போயிருந்த மாமியார் ஷரீபுன்னிசா உள்ளே வந்தார். வீடு தலைகீழாகக் கிடப்பதைப் பார்த்து என்ன ஏது என்று விசாரித்தார். அலாவுதீன் அழாத குறையாகச் சொல்லி முடித்தார்.

"பெட்டியில மேலே இருந்த ஏடுங்கதானே? நான்தான் எடுத்தேன். நீங்க ரெண்டு பேரும் நாகூர் போயிருந்தப்ப."

"எதுக்கு மாமி?"

"காய்ச்சல், கண்ணேறுன்னு தெருவுல எத்தனை பேரு கஷ்டப்படுறாங்க. ஆளுக்கொரு துண்டா நறுக்கி, தாயத்துல அடைச்சுக் குடுத்தேன். எனக்கு ஓத வராதுதான். அதுக்காக அரபு எழுத்துகூடவா தெரியாம போயிடும்? இவ்வளவு துவா எழுதிக் கொண்டாந்த மாப்புள்ளை எந்த வீட்டுக்குக் கெடைக்கும்?"

அலாவுதீன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சிறு வயதில் பள்ளிவாசலில் ஓதியதோடு அவர் படிப்பு நின்றுபோயிற்று. தமிழ் எழுத்து எழுத வராது. தமிழ்க் கதை முழுவதையும் அவர் அரபு எழுத்தில்தான் எழுதிவைத்திருந்தார். இப்போது அந்தச் சைகோன்காரி துண்டு துண்டாக ஊரார் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

மஹ்பூபா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"முதல் ஏடாவது மிச்சம் இருக்கா மாமி?" அலாவுதீன் சட்டென்று எழுந்தார். "அதை வச்சாவது அச்சாபீஸ்காரரை உட்கார வச்சிடுவேன்."

"அதை நறுக்கவே இல்லை மாப்புள்ளே" என்றார் மாமியார் பெருமையாக. "வயித்துவலின்னு துடிச்சாரேன்னு, முழுசா உங்க அச்சாபீஸ்காரர் கையிலதான் காலையில கட்டிவிட்டு வர்றேன். உசுரு போனாலும் பிரிச்சுப் பார்க்க மாட்டேன்னு சத்தியமும் வாங்கிட்டேன்."